வறட்டி அடுக்கில் ஓர் ஓட்டை

வறட்டி அடுக்கின் பின்பக்கம் கையை வைத்த ஜூராவுக்குப் பகீரென்றது. கை முழங்கை வரை உள்ளே போனது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க! எவளோ பின்னாடியிருந்து உருவிக்கிட்டே இருந்திருக்கா!"

தொழுவத்துக் கூரைமேல் காய்ந்த புல்லை மிதித்து அடுக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் மெதெர் எட்டிப் பார்த்தான்.

"எலியா இருக்கும், விடு."

"எலி வறட்டி தின்னுமா? பேசாம உங்க வேலையப் பாருங்க!"

கோடை முழுக்க அவள் தட்டிக் காயவைத்து, ஆளுயரத்துக்கு அடுக்கிய வறட்டி அது. குளிர் நுழையாமல் ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டியாயிற்று. உருளைக்கிழங்கைக் குழியில் இறக்கியாயிற்று. இந்த அடுக்கின் மேல் சாணி பூசி மூடிவிட்டால் வேலை முடிந்தது. இந்த மலைநாட்டில், நரீன் ஆற்றுப் பக்கம் பனி இறங்கினால் ஐந்து மாதம் போகாது. வறட்டி தீர்ந்தால் அடுப்பும் இல்லை, வீடும் இல்லை.

தரையில் வறட்டித் தூள் சிந்தியிருந்தது. தடம் பிடித்துக்கொண்டே போனாள். அது வேலிச் சந்தில் நுழைந்து, நேரே பக்கத்து வீட்டுக் கலிச்சாவின் வாசலில் போய் நின்றது.

இந்த வசந்தத்தில்தான் புருஷன் சாதிரைப் பறிகொடுத்தவள். ஐயோ பாவம் என்று ஜூரா ஒரு நொடி நினைத்தாள். ஒரே நொடிதான்.

"ஏ கலிச்சா! வெளிய வாடி!"

கலிச்சா கைக்குழந்தையோடு வந்தாள். இரண்டு கம்பளிச் சட்டைக்குள் இருந்து குழந்தை இருமியது.

"என் வறட்டிய எடுத்தியா?"

"எடுத்தேன் அக்கா. புள்ளைக்கு நெஞ்செல்லாம் சளி. வீடு சில்லுனு கெடக்கு. கேக்க வாய் வரல."

"கேக்க வாய் வரல, எடுக்கக் கை மட்டும் வந்துச்சோ?"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஜூராவுக்குக் குரல் இன்னும் ஏறியது.

"கோடை பூரா என்னடி பண்ணே? நான் இடுப்பொடியத் தட்டுனேனே, உனக்குக் கை இல்ல?"

"கை இருந்துச்சு அக்கா. சாணிதான் இல்ல."

"ஏன் இல்ல? மேய்ச்சலுக்குப் போன மாடெல்லாம் மலையிலருந்து இறங்கிடுச்சு. உன் செவலை மட்டும் எங்க? வித்துத் தின்னுட்டியா?"

கலிச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜூராவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விழுங்கிக்கொண்டாள். உள்ளே போய், மிச்சமிருந்த வறட்டியைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தாள்.

"மன்னிச்சிருங்க அக்கா."

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜூரா ஜெயித்த நடையில் திரும்பி வந்தாள்.

"பாத்தீங்களா உங்க எலிய? மாடு எங்கடின்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறா. அழுத்தக்காரி!"

மெதெர் கூரையிலிருந்து இறங்கி வந்தான். அவள் இடுப்பிலிருந்த கூடையை வாங்கினான். தங்கள் அடுக்கிலிருந்தே வறட்டியை எடுத்து, கூடை நிறைய அடுக்க ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"சாதிர் போன அன்னிக்கு ஊரே உக்காந்து சாப்பிட்டோமே, அது என்ன கறின்னு நெனச்சே?"

"எழவு விருந்துக்குக் குதிரை அறுக்கிறதுதானே வழக்கம். அவன் அண்ணன் தம்பிங்க கொண்டாந்திருப்பாங்க..."

"வெறுங்கையோட வந்தானுங்க. வந்த ஊர்சனத்தப் பசியோட அனுப்பக் கூடாதுன்னு அவதான் இருந்த ஒத்த மாட்டையும் அவுத்துக் குடுத்தா. அந்தச் செவலைய அறுக்கிறப்போ கொம்பப் பிடிச்சவன் நான்."

மெதெர் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"மிச்சக் கறிய வீட்டுக்கு வீடு பங்கு போட்டப்போ, நம்ம பங்கைத் துணியில கட்டி நீதான் கொண்டுவந்தே, ஜூரா. மூணு நாள் சுட வெச்சுச் சாப்பிட்டோம்."