இன்று கனமழை

ஆதிகேசவனின் தாத்தா தொடங்கிய நாளிதழில் அன்று முதன்முறையாக ஒரு தவறு வந்திருந்தது. போன ஐப்பசியின் வானிலைப் பெட்டியை யாரோ இந்தச் சித்திரைப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்: "இன்று கனமழை." வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு நாளைக்கு ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்த நிர்வாக இயக்குநர் ஆதிகேசவன், சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். கொளுத்தும் வெயிலில் எல்லோரும் குடை விரித்து நடந்துகொண்டிருந்தார்கள். பேருந்து ஓட்டுநர் வைப்பரை ஓடவிட்டிருந்தார். ஆதிகேசவன் எழுதுவதை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

வாசலில் பூ விற்கும் அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தன் குடைக்குள் இழுத்தாள். "என்ன சார், பேப்பர் பாக்கலியா? நனைஞ்சிடப் போறீங்க."

"பாத்தேம்மா. அது தப்பா இருந்தா?"

"அந்தப் பேப்பரா? நல்லா சொன்னீங்க போங்க! கிட்ட வாங்க, தோளு வெளிய இருக்கு."

போன் அடித்தது. செய்தி ஆசிரியர். "சார், மன்னிப்புக் குறிப்பு எழுதிட்டீங்களா?"

ஆதிகேசவன் ஒரு மேகமும் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார். தோளை உள்ளே இழுத்துக்கொண்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பொறுங்க," என்றார். "சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல."