சனிக்கிழமை விளையாட்டு

"எனக்கும் ஒரு தடவை பந்தைப் போடுங்க, மிஸ்."

கடைசி பெஞ்சுக்குப் பின்னால், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள் ஆயா. முப்பது வயதுகூட இருக்காது. பெஞ்சு துடைப்பதும் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் வேலை என்பதால், பள்ளியில் எல்லோருக்கும் அவள் ஆயாதான்.

ஒன்றாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து விடாத மழை. வகுப்பு முழுக்க ஈர சாக்ஸ் நாற்றம். விளக்கைப் போட்டும் இருட்டு. இருந்தாலும் பந்தைப் போட்டாள். மிஸ் தூக்கிக் காட்டும் பொருளை, பந்தைப் பிடித்தவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு.

மிஸ் அடிக்கோலைக் காட்டினாள்.

"இஸ்கேல்."

"முன்னாடி இ கிடையாது. பாம்பு சீறுற மாதிரி ஆரம்பிக்கணும். எல்லாரும் ஆயாவுக்குச் சொல்லிக்குடுங்க."

"ஸ்ஸ்ஸ்கேல்" என்று வகுப்பே சீறியது.

ஆயா கண்ணை இறுக மூடிக்கொண்டு முயன்றாள். அந்த 'இ' எங்கிருந்தோ முந்திக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தினமும் வந்தாள். ஸ்கூல், ஷார்ப்னர், எரேசர், லஞ்ச் பாக்ஸ். பெஞ்சு துடைக்கும்போதும் வாய் முணுமுணுத்தபடியே இருந்தது.

"யாருக்காக இப்படி மெனக்கெடற?" என்று ஒருநாள் மிஸ் கேட்டாள்.

"என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா, மிஸ்."

"அவளுக்குச் சொல்லிக்குடுக்கவா?"

"நான் என்ன சொல்லிக்குடுக்கிறது? அவளுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. நான் தப்பாச் சொன்னா புரியலன்னு முகத்தைச் சுளிச்சுட்டு எழுந்து போயிடறா."

மிஸ்ஸுக்குச் சுள்ளென்றது. "பெத்தவகிட்டயா முகத்தைச் சுளிக்கிறா? எல்லாம் நீ குடுக்கிற இடம்."

"சின்னப்பிள்ளைதானே. சனிக்கிழமை மட்டும் என்னோட விளையாடுவா. இதே விளையாட்டுதான். பையிலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுவா, நான் பேர் சொல்லணும். இந்த வாரம் நீங்க பக்கத்துல இருக்கீங்களா? திக்கினா மெல்ல எடுத்துக்குடுங்க."

"இருக்கேன். உன் பொண்ணை நானும் ஒரு தடவை பார்க்கணும்."

சனிக்கிழமையும் மழை விடவில்லை. பள்ளி விட்டதும் ஆயா முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற வாண்டை நிற்கவைத்துக் கண்டிக்க நாலு வார்த்தை தயாராக இருந்தது.

ஆயா கைபேசியை எடுத்து டஸ்டர்மேல் சாய்த்து வைத்தாள். அழைப்பு வந்தது. திரையில் ஒரு சிறுமி. ஆயாவின் அதே நெற்றி, அதே கண். அவளுக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் வெயில் அடித்தது.

மிஸ் திரும்பி ஆயாவைப் பார்த்தாள்.

"மூணு வயசுல அவங்கப்பா வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார், மிஸ். நம்ம பேச்சு அவளுக்கு மறந்தே போச்சு" என்றாள் ஆயா, தாழ்ந்த குரலில்.

சிறுமி பையைத் திறந்து அடிக்கோலை நீட்டினாள்.

"ஸ்கேல்."

ஷார்ப்னர். எரேசர். லஞ்ச் பாக்ஸ். ஒன்றுகூடத் தப்பவில்லை. சிறுமி கைதட்டினாள். ஆயா அந்தச் சின்னக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹௌ இஸ் ஸ்கூல்?" என்று பிறகு கேட்டாள்.

சிறுமி மடமடவென்று ஏதோ சொன்னாள். ஆயாவுக்குப் பாதி புரியவில்லை. மிஸ் காதோடு சொன்னாள்: "ஸ்கூல்ல நாடகமாம். இவளுக்கு மரம் வேஷமாம்."

"ட்ரீ," என்று ஆயா தலையாட்டினாள். "வெரி குட் ட்ரீ."

சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

"கமிங், மம்மி" என்று திரும்பிப் பார்த்துச் சொன்ன சிறுமி, திரைக்கு நேராகக் கையசைத்தாள். "பை, ஆன்ட்டி."

திரை அணைந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆன்ட்டியா?" என்றாள் மிஸ்.

"நான்தான் அம்மான்னு வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டேன்னு ஒத்துக்கிட்டதாலதான், மிஸ், அவங்கப்பா அவளை வாரம் ஒரு தடவையாவது கண்ணுல காட்டுறார்."