மூன்றாவது பெட்டி

கம்ப்யூட்டர் தகவல்களைச் சேமிக்கும் பெட்டிகளை விற்கும் கம்பெனியில், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை உருவிக் காட்டுவதுதான் கனகவேலின் வேலை. காட்ட ஒரு வீடியோ வேண்டும். மனைவி பிரமிளாவின் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவள் மாடியில் துணி காயப்போடும் நாற்பது விநாடிதான் அவன் போனில் அகப்பட்டது. அதையே மூன்று பெட்டிகளிலும் ஏற்றினான். அப்புறம் அந்த போனும் பஸ்ஸில் தொலைந்தது.

முதல் பெட்டி வீடியோவைத் துண்டு போட்டு எல்லா டிஸ்க்கிலும் பிரித்து வைப்பது, படு வேகம். ஒன்றை உருவியதும் வீடியோ நின்றது, திரும்ப வரவேயில்லை. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை வைக்கும் இரண்டாவது பெட்டியை, விலைபோனதும் அவனே உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்தான். மிச்சம் மூன்றாவது.

"நாலுல ஒண்ணு போனாலும் ஓடுங்க மேடம்," என்று, பெட்டி வாங்க வந்த கண் ஆஸ்பத்திரி மேனேஜர் முன்னால் ஒன்றை உருவினான்.

பிரமிளா தடங்கலில்லாமல் சேலையை உதறினாள். அவளில் கால் பங்கு இப்போது பெட்டிக்குள் இல்லை. மற்ற மூன்று டிஸ்க்குகளும் கணக்குப் போட்டு அவளை இட்டு நிரப்பிக்கொண்டிருந்தன. தினமும் பார்ப்பதுதான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"ரெண்டு போனா?"

"போச்சுங்க."

"அதையும் பாத்துடுறேனே. இந்த வீடியோ வேற எங்கயாவது இருக்குல்ல?"

"இருக்குங்க," என்றது அவன் வாய்.

விரல் அடுத்த டிஸ்க்கின் கொக்கியை நெம்பியிருந்தது. திரையில் பிரமிளா காலி வாளியை எடுத்துக்கொண்டு, அவனிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள்.