ஒரு நாள் துறைத் தலைவர்

விடிந்தால் ஆய்வுக் குழு வருகிறது. வேதியியல் துறைத் தலைவர் நாற்காலி காலி. கல்லூரி முதல்வருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இந்தக் குட்டி மாநிலத்துல முனைவர் பட்டம் வாங்கின ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்று புலம்பியவர், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவைப் பார்த்தார். "நாளைக்கு நல்ல புடவையா கட்டிட்டு வந்து அந்த நாற்காலியில உட்காருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

மறுநாள் குழுத் தலைவர் பட்டச் சான்றிதழைக் கேட்டார். முதல்வருக்கு வியர்த்தது. ஆயாம்மா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

குழு கிளம்பியதும் முதல்வர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே நாள்ல எப்படிம்மா அச்சு அசலா செஞ்சீங்க?"

"ஆறு வருஷம் ஆச்சு சார், பல்கலைக்கழகத்துல" என்றபடி அவள் காலி டம்ளர்களை அடுக்கினாள். "எட்டாவதுதான் படிச்சிருக்கேன்னு பொய் சொன்ன பிறகுதான் இந்த வேலையாவது கிடைச்சுது."