மூன்று முறை துப்பியவர்

"வாய்யா கரடி. வாயில ஏதும் வச்சிருந்தா வெளியிலயே துப்பிட்டு வா. உள்ள எல்லாம் புது மெத்தை."

மெத்தைக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, மெத்தைகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த புதுமண ஜோடி திரும்பியது. தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற பெரியவர் சிரித்தார்.

கரடி என்பது அவருடைய பழைய மேடைப் பெயர். அவரும் கடைக்காரரும் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்களாக இருந்தவர்கள். ஒரு காலத்தில் ஆட்களைக் குத்திப் படுக்க வைத்த கடைக்காரர், இப்போது மெத்தை விற்றுப் படுக்க வைக்கிறார். கரடி ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன்.

முதுகு வலி உயிரை வாங்குகிறது, கெட்டியாக ஒரு மெத்தை வேண்டும் என்றார் கரடி. மெத்தை எங்கே ஓடிவிடப் போகிறது என்று அவரை உட்கார வைத்துவிட்டு, கடைக்காரர் அந்த ஜோடியிடம் தன் கதையை ஆரம்பித்தார். வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்கிற கதைதான். இன்றைக்குக் கதாநாயகனே எதிரில் இருந்ததால் கூடுதல் உற்சாகம்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஆட்டம். கடைக்காரருக்கு அப்போது நாற்பத்தாறு, கரடிக்கு நாற்பத்தெட்டு. இரண்டு கிழடுகள் அடித்துக்கொள்வதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. இருவருக்கும் அதுதான் கடைசி ஆட்டம். ஐந்து சுற்று வரை கரடியின் கை ஓங்கியிருந்ததைக் கடைக்காரரே ஒப்புக்கொள்வார்.

ஆறாவது சுற்றில் கரடி, பல்லில் மாட்டியிருந்த ரப்பர் உறையைத் துப்பினார். உறை கீழே விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். அதைக் கழுவி மாட்டுவதற்குள் அரை நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தம் இல்லாதவர்கள் செய்கிற பழைய தில்லுமுல்லு அது.

நடுவர் எச்சரித்தார். ஏழாவது சுற்றில் கரடி மறுபடியும் துப்ப, ஒரு பாயின்ட் போனது. எட்டாவதில் இன்னொரு தடவை, இன்னொரு பாயின்ட். கூட்டம் ஊளையிட்டது. கடைசியில் கடைக்காரர் ஜெயித்தது ஒரே ஒரு பாயின்ட்டில்.

"துப்பாம இருந்திருந்தா கோப்பை இவனுக்கு. மூச்சு பத்தலைன்னா மேடைக்கு எதுக்கு வரணும்? வெட்கங்கெட்ட பய."

ஜோடி சிரித்தது. கரடியும் கூடவே சிரித்தார். பில் போடும் மேசையில் இருந்த கடைக்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அதை விடுங்க. மறுநாள் நடந்ததுதான் அதிசயம்." கடைக்காரர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினார். "விடிஞ்சும் விடியாததுமா இவ வந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கன்னு ஒத்தக்கால்ல நின்னா. எனக்கு என்ன கேடுன்னு கத்துனேன். விடலையே. டாக்டர் பாத்துட்டு, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆளே இல்லைன்னாரு. அதுக்கப்புறம்தான் மக கல்யாணத்தைப் பாத்தேன், பேத்தியைத் தூக்குனேன். எல்லாம் இவ போட்ட பிச்சை."

இந்த இடத்தில் அவர் குரல் எப்போதும் தழுதழுக்கும். நடிப்பில்லை. மனைவியை நினைத்து நன்றி சொல்லாமல் அவர் ஒரு நாளும் படுத்ததில்லை. அவளோ வழக்கம்போல நிமிராமல் பில் புத்தகத்தைப் புரட்டினாள்.

கரடி ஒரு மெத்தையைத் தேர்ந்தெடுத்தார். விலாசத்தைச் சொன்னார். "வரேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிப் படி இறங்கினார். ஜோடியும் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பியது.

"பாத்தியா? இத்தனை சொல்றேன், கொஞ்சமாவது சொரணை இருக்கா அவனுக்கு?"

மனைவி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"போதும். இனிமே அந்த அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க."

கடைக்காரர் விழித்தார்.

"உங்க நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஜெயிச்ச சந்தோஷத்துல நானே தலைகால் புரியாம இருந்தேன். காலையில அந்த அண்ணன்தான் போன் பண்ணாரு. 'ஆட்டத்துல மூணு தடவை உன் வீட்டுக்காரருக்கு இடது கை தானா இறங்கிடுச்சும்மா, முகம் வெளுத்துப்போச்சு. வயசுக் களைப்புன்னு நெனச்சேன். யோசிச்சுப் பாத்தா அப்படித் தோணலை. உடனே நெஞ்சைக் காட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்லாத, வீம்புக்கே வரமாட்டாரு'ன்னாரு."

கடைக்காரர் பக்கத்தில் இருந்த மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கை இறங்கியது அவருக்கும் ஞாபகம் இருந்தது. ஆறாவது சுற்றில் ஒரு தடவை. ஏழில் ஒரு தடவை. எட்டில் ஒரு தடவை. அடுத்த அடியில் விழுந்துவிடுவோம் என்று பயந்த அதே நொடியில்தான், மூன்று தடவையும், நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார். டாக்டர் ஓடவே கூடாது என்று சொல்லியிருந்ததெல்லாம் அப்போது அவருக்கு நினைவில்லை.

தெருமுனையில் கரடி திரும்பிப் பார்த்தார். கண்ணீரும் கம்பலையுமாக ஓடிவருகிறவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், கடை வாசலில் கைகூப்பி நிற்கும் தங்கச்சியையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. தடியை உயர்த்தி மறித்தார்.

"மெதுவா வாய்யா. இப்பத் துப்பி உன்னை நிறுத்தறதுக்கு என் வாயில உறைகூட இல்ல."