இடக்கைத் தையல்காரர்

அருங்காட்சியகத்தில் அந்த ஓவியத்தின் முன்னால் நாற்பது பிள்ளைகளும் நின்றார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

தையல்காரர் வலக்கையில் ஊசி பிடித்திருந்தார்.

பத்தொன்பது வருடமாக என் வகுப்பில் அவர் இடக்கைக்காரர். ஒரு பழைய ஸ்லைடைத் திரையில் காட்டித்தான் பாடம் ஆரம்பித்தேன். அதை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். பிறகு எடுத்த பிரதிகளெல்லாம் திரையில் விழுந்த அந்தப் படத்திலிருந்துதான். நேரில் வந்து பார்க்க எனக்கு நேரமே வாய்க்கவில்லை.

'ஓவியர் ஏன் இடக்கைக்காரரை வரைந்தார்?' என்று வருடாவருடம் ஐந்து மதிப்பெண் கேள்வி வேறு. உருகி உருகி நடத்தியிருக்கிறேன்.

பள்ளியும் அருங்காட்சியகமும் கைகோத்து நடத்தும் முதல் கண்காட்சி இது. எதிர்ச் சுவரில் பிள்ளைகள் வரைந்த நாற்பது படங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு, திருகாணி முடுக்கி. பிடுங்கவும் வழியில்லை. நாற்பது இடக்கைக்காரர்கள் ஒரு வலக்கைக்காரரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரை மணியில் பெற்றோர் வந்துவிடுவார்கள்.

"சார், இவரு சோத்துக்கையாலதான தைக்கிறாரு?" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

இதை ஒருத்தி முன்பே சொல்லியிருக்கிறாள். இந்தப் பாடம் தொடங்கிய வருடம். 'கேள்வி தப்பு. அவர் வலக்கைக்காரர்' என்று விடைத்தாளில் ஒரே வரி எழுதியிருந்தாள். அம்மா அருங்காட்சியகத்தில் தரை துடைக்கிறார், தினமும் நேரில் பார்க்கிறேன் என்றாள். பூஜ்யம் போட்டு, சிவப்பு மையில் 'படத்தைப் பார்த்து எழுது' என்று எழுதி, அதை வகுப்பில் உரக்க வாசித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு அவள் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அருங்காட்சியகத்தின் கல்வி அலுவலர் பிள்ளைகளுக்குத் தாளும் கறுப்புப் பென்சிலும் கொடுத்துக்கொண்டே வந்தார். காலையிலிருந்து என்னை வாய் நிறைய 'சார்' என்றழைக்கும் பெண். பிள்ளைகளின் படங்களை மாட்டியதும் அவர்தான். மாட்டும்போது தெரிந்திருக்காதா? ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியாக என்னிடம் வந்து ஒரு தாளை நீட்டினார்.

"நீங்களும் படத்தைப் பார்த்து வரைங்க, சார்."

என் கையில் அவர் வைத்தது சிவப்புப் பென்சில்.