நானூறு பழைய கருவிகள்

"பழசுக்கு ஆஃப்லயே இருக்கட்டும்க்கா. வம்பை விலைக்கு வாங்காதே."

"ஆன் பண்ணுடா."

தம்பி திரையைப் பார்த்தபடி காதைச் சொறிந்தான். பேச முடியாதவர்கள் தட்டுவதைக் குரலாக்கும் மென்பொருள் அது. கம்பெனி அக்காவுடையது. கைபேசி, கணினி, பழைய கைக்கருவி என்று மூன்றுக்கும் அதைத் தயாரித்து அனுப்புவது அவன் வேலை. அவன் உயிரை வாங்கியது 'திரெட்' என்ற ஒரே ஒரு அமைப்புதான். ஆன் என்றால் கருவி ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும். ஆஃப் என்றால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

"கைபேசி, கணினி ரெண்டுக்கும் ஆன். பழைய கருவி கிழடுக்கா, தாங்காது. கணினியில அதே மாதிரி போலியா ஓட்டிப் பார்த்தேன். இருபது தடவையில ஒரு தடவை அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு."

சற்றுக் கழித்துப் பதில் வந்தது. "பத்தொன்பது தடவை ஓடுச்சுல்ல?"

"அந்த ஒரு தடவை, யாராவது டாக்டர்கிட்ட வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தா?"

"ஆஃப்ல, அது பேசி முடிக்கறவரைக்கும் அடுத்த வார்த்தையைத் தட்டவே முடியாது."

"இதுவரைக்கும் யாரும் புகார் சொல்லலையே?"

"சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிர்ல இருக்கறவங்க எழுந்து போயிடறாங்கடா, மடையா."

அக்காவிடம் வாதாடி ஜெயித்தவர் வீட்டிலும் இல்லை, ஆபீசிலும் இல்லை. நாலு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியீடு. பழைய கருவியை நம்பி நானூறு பேர் இருந்தார்கள்.

"சரி, நிஜக் கருவியிலயே ஓட்டிப் பார்ப்போம். உறைஞ்சா பழசு வச்சிருக்கற எல்லாருக்கும் ஆஃப். பேச்சு மாறக் கூடாது."

அக்கா தலையாட்டினாள். பழைய கருவியை அவன் பக்கம் தள்ளினாள். ஆபீசில் இருந்தது அது ஒன்றுதான். அவன் ஆன் என்று மாற்றி, புதிதாகத் தயாரித்து, கேபிள் வழியே ஏற்றினான். ஏழு நிமிடம் பிடித்தது. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவியைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினாள். காலையிலிருந்து அவனோடு மல்லுக்கட்டிய அதே குரல், இப்போது மூச்சுவிடாமல், அதிலிருந்து கிளம்பியது.

"பறக்குதுடா! மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் உங்களை மாதிரி பேசறேன். ஒரே ஒரு உதவி பண்ணு தம்பி. ஒருவேளை இது உறைஞ்சாலும், என்னோடதை மட்டும்"

திரை அப்படியே நின்றது. அக்காவின் விரல்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.